கைக்குத் தட்டுப்படாதது

ஜூன் 9, ஞாயிறு

இன்று யாருக்கும் பாடம் இல்லை. கோயமுத்தூரிலிருந்து ஒரு மருத்துவமனையின் மேமோகிராம் வேன் எங்கள் ஊர் கோபிக்கு வந்து கல்யாண மண்டபத்து வாசலில் நின்றது. நாற்பது தாண்டிய பெண்களுக்கு மார்பைப் படம் எடுத்துப் பார்க்கிறார்களாம். என் டிரைவிங் ஸ்கூலில் கார் பழகும் எஸ்தர் பேர் கொடுத்துவிட்டு, தனியாகப் போகப் பயந்துகொண்டிருந்தாள். "நீங்க கூட்டிட்டுப் போனா வர்றேங்க்கா" என்றாள். பேங்க்கில் வேலை பார்க்கிறவள். கிளட்சை விடச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறவள்.

அவளை இறக்கிவிட்டு வெளியே நின்றேன். வேனுக்குள் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "உங்களுக்கு என்ன வயசுங்க?" என்றாள். நாற்பத்தொன்பது என்றேன். "அப்ப நீங்களும் ஏறுங்க." எஸ்தர் முன்னால் தயங்குவதா? ஏறினேன்.

மேலே துணியில்லாமல் ஒரு மிஷினைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணாடி மாதிரி ஒரு தகடு மேலிருந்து இறங்கி, சப்பாத்தி உருண்டையை அமுக்குகிற மாதிரி அமுக்கியது. மூச்சைப் பிடிக்கச் சொன்னாள், விடச் சொன்னாள், முடிந்தது.

வீட்டில் சொன்னதும் ராமாத்தாள் அண்ணிக்கு முகம் சுருங்கிவிட்டது. அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். அடுப்பிலிருந்து அலமாரிச் சாவி வரை அவர் சொன்னபடிதான் நடக்கும்.

"ஒண்ணுமில்லாத ஒடம்பக் கொண்டுபோய் மிஷினுக்குள்ள குடுத்துட்டு வந்திருக்கற" என்றார். கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்துவிட்டு, "வலிக்குமா அம்மிணி?" என்றார். வம்புக்குக் கேட்கிறார் என்று காதில் விழாத மாதிரி குளிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 13, வியாழன்

மருத்துவமனையிலிருந்து போன். வலது பக்கப் படத்தில் ஓர் இடம் சரியாகத் தெரியவில்லையாம், கோயமுத்தூருக்கு வந்து இன்னொரு தடவை எடுக்க வேண்டுமாம். "இப்படிக் கூப்பிடறவங்கள்ல நெறையப் பேருக்கு ஒண்ணும் இருக்காதுங்க, பயந்துக்காதீங்க" என்றாள் பேசிய பெண். நான் ஏன் பயந்துகொள்ளப் போகிறேன்.

எஸ்தருக்கு எல்லாம் நல்லபடியாக இருக்கிறதென்று மெசேஜ் வந்துவிட்டது.

சாயங்காலம் ரிவர்ஸ் எடுத்துக் காட்டும்போது மைதானத்துச் சுவரில் பின் பம்பரை இடித்துவிட்டேன். தப்பு சுவர் மேல்தான். வெள்ளை அடித்து வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஜூன் 18, செவ்வாய்

கோயமுத்தூர். வீட்டுக்காரர் உரக்கடையைச் சாத்திவிட்டுக் கூட வந்தார். மறுபடி படம், அப்புறம் ஸ்கேன். டாக்டர் ஜெயசுதா படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். கோலப்பொடி கொஞ்சம் சிந்தின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அவரே தொட்டும் பார்த்தார்.

"எனக்கும் கைக்குத் தட்டுப்படல. தட்டுப்படறதுக்கு முன்னாடி தெரியணும்னுதான் இந்தப் படமே எடுக்கறோம்."

மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியால் துளி சதை எடுத்தார்கள். திரும்பும்போது வீட்டுக்காரர் ஓட்டினார். அவிநாசி வரைக்கும் என் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடிக்கொண்டே வந்தது.

ஜூன் 19, புதன்

ஊசி போட்ட இடம் கன்னிப்போயிருக்கிறது. ரசம் வைத்தேன். உப்புப் போட்டேனா தெரியவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 26, புதன்

கேன்சர்தான். எட்டு மில்லிமீட்டர். இப்போதைக்கு மார்பை எடுக்க வேண்டியதில்லை, அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் போதும் என்றார் டாக்டர். "நல்ல நேரத்துல வந்துட்டீங்க" என்றார். நான் எங்கே வந்தேன், எஸ்தரைக் கொண்டுவிடப் போனேன்.

வீட்டில் அண்ணி காத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் சொல்லி முடிக்கும் வரை நின்று கேட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"கட்டியே இல்லாத கேன்சர் எங்கியாச்சும் உண்டா? தொட்டுப் பாத்தியா, இருக்குதா?"

"இல்லீங்க."

"பொறவு எதை அறுக்கறாங்களாம்?"

"எதிர்ல லாரி வந்து மோதுன பொறவா அண்ணி பிரேக்கத் தேடறது?"

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் புரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். பெருந்துறை மயிலாத்தாள் அக்கா எங்கள் பெண் மதுமிதாவுக்கு ஒரு ஜாதகம் கொண்டு வந்திருக்கிறார். எங்கள் சொந்தத்தில் பாதிக் கல்யாணம் அந்த அக்கா வாயால் முடிந்ததுதான். பொண்ணோட அம்மாவுக்குக் கேன்சர் என்று தெரிந்தால் யார் வாசல் மிதிப்பார்கள்? ஆகவே இது இந்த நாலு சுவருக்குள்ளேயே இருக்க வேண்டும். அண்ணி முடிவு செய்துவிட்டார். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜூன் 28, வெள்ளி

ஓசூரில் வேலை பார்க்கும் மதுவிடம் போனில் நானே சொன்னேன். மூக்கை உறிஞ்சிவிட்டு, "இதக் கேட்டு ஓடற மாப்பிள்ளை இப்பவே ஓடட்டும்மா. நீ எப்ப ஆபரேஷன்னு சொல்லு, லீவு போடணும்" என்றாள். என் பெண்தான்.

வீட்டுக்காரர் யாரோ ஒரு வைத்தியரிடமிருந்து ஒரு டப்பா லேகியம் வாங்கி வந்திருக்கிறார். "வலியே இல்லாதப்ப எதுக்கு சாந்தா கத்தி? ஒரு மாசம் இதச் சாப்பிட்டுப் பாக்கலாம்." டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தேன். "நீங்களே சாப்பிடுங்க, உங்களுக்குத்தான் வயிறு சரியில்லை" என்றேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு, அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனாலும் சாப்பிடவில்லை.

ஜூலை 3, புதன்

ஆபரேஷன் பதினெட்டாம் தேதி. ஆடி பிறந்துவிடும் என்கிறார் அண்ணி. ஆவணியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். கேன்சருக்கு ஆடி ஆவணி தெரியாதுங்க என்றேன். சரி, அப்படியே பண்ணுவதானால் ஊருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவிடலாம், அது எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றார்.

"என்ற கர்ப்பப்பை நல்லா இருக்குதுங்க. அதும்மேல எதுக்குப் பழி போடணும்?"

அண்ணி அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை.

ஜூலை 5, வெள்ளி

கார் பழக வருகிற எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு மாதம் ஸ்கூல் மூடியிருக்கும், எனக்கு மார்பில் கேன்சர், ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று. கியரைப் போட்டுக்கொண்டே சொன்னால் வாய் குழறுவதில்லை. ஒரு பெண் இனி வரமாட்டேன் என்று புருஷனை விட்டுப் பேசவைத்தாள். ஒட்டிக்கொள்ளுமாம். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஜூலை 8, திங்கள்

அண்ணி தானாக வந்து பேசினார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"அந்த டாக்டரு வேறென்னென்ன கேட்டா?"

"கட்டி இருக்குதா, தோல் சுருங்கியிருக்குதா, காம்பு உள்ள இழுத்திருக்குதான்னு கேட்டாங்க."

"இழுத்திருந்தா?"

"ஒரு நாள்கூட வெச்சிருக்காம வரணும்னாங்க."

பால் பொங்குது என்று எழுந்து போனார். போய்ப் பார்த்தால் அடுப்பில் பால் இல்லை, பற்றவைக்கவும் இல்லை. வயதாகிறது அவருக்கும்.

ஜூலை 21, ஞாயிறு

ஆபரேஷன் முடிந்துவிட்டது, வலது கை இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. கோழி கிளறின மாதிரி இருக்கிறது எழுத்து.

கைக்குத் தட்டுப்படாததை எப்படிக் கண்டுபிடித்து வெட்டுவார்கள் என்று எனக்கே சந்தேகம் இருந்தது. காலையில் மறுபடி மிஷினில் வைத்து, அந்தப் புள்ளிகள் வரைக்கும் முடி மாதிரி ஒரு கம்பியைச் செருகிவிட்டார்கள். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய் எடுத்தார்களாம். அக்குளில் நெறிக்கட்டுகளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நீல மருந்து. மறுநாள் ஒண்ணுக்குப் பச்சையாகப் போனது. அலறிப்போய் நர்சைக் கூப்பிட்டேன். "சொல்லாம விட்டுட்டேங்க்கா" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மதுவும் சிரித்தாள். வீட்டுக்காரர் மட்டும் வெளியே போய் நின்றுகொண்டார்.

ஜூலை 25, வியாழன்

இத்தனை சண்டை போட்ட அண்ணிதான் தலை வாரிவிடுகிறார், குளிக்க ஊற்றுகிறார். இன்று கட்டுப் பிரித்த இடத்தை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பெருவிரல் நீளத்தில் ஒரு தையல்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதானுங்க அண்ணி."

சொம்பில் தண்ணீர் எடுத்தவர் ஊற்றாமல் நின்றார். குளிர்கிறது என்று நான்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. நெறிக்கட்டுகளில் இல்லை. வெட்டிய ஓரங்களிலும் இல்லை. இனி கதிர்வீச்சு, பிறகு சில வருடம் மாத்திரை.

வீட்டுக்காரர் அந்த லேகிய டப்பாவை யாருக்கும் தெரியாமல் குப்பையில் போட்டுவிட்டு வந்தார். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கை இறுகிப்போகாமல் இருக்கப் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே மேலே ஏற வேண்டும். தனியாகச் செய்ய அலுப்பாக இருந்தது. "நீங்களும் வாங்க, யாரு மேல ஏர்றதுன்னு பாக்கலாம்" என்று அண்ணியை இழுத்தேன். அவர் வலது கை தலைக்கு மேலே சரசரவென்று ஏறிவிட்டது. இடது கை தோளோடு நின்றுவிட்டது. ஆபரேஷன் ஆனது எனக்குத்தான். அவருக்கு ஆகவில்லை.

தோள்பட்டையில் வாயு என்றார். தைலம் தேய்க்கிறேன் என்றதற்கு, ஜாக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நாளாகத் தன் துணியைத் தானேதான் துவைத்துக் காயப்போடுகிறார். அவர் மேல் வேப்பிலையும் மஞ்சளும் மணக்கிறது. அம்மனுக்கு விரதம் என்று நினைத்திருந்தேன்.

வாயுவாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வாயு இல்லை.

வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பியதும் அண்ணி அறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டேன்.

"காட்டுங்க அண்ணி."

"போடி அந்தாண்ட." இத்தனை வருடத்தில் என்னை 'டி' போட்டதில்லை.

நான் என் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றேன். பகல் வெளிச்சத்தில், தையலோடு. அவர் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பிறகு கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்ட பற்று காய்ந்து உதிர்ந்தது. உள்ளே எலுமிச்சம்பழம் பருமனில் கல் மாதிரிக் கட்டி. மேல்தோல் சாத்துக்குடித் தோல் மாதிரி சொரசொரப்பாக. காம்பைக் காணோம், உள்ளே போய்விட்டது.

"எப்ப இருந்துங்க?"

"போன பொங்கலுக்கு மின்னால. மொச்சைக்கொட்டையாட்டந்தான் இருந்துச்சு."

"ஏங்க சொல்லல?"

"தாலியறுத்தவ மாரைப் போயி எவங்கிட்டக் காட்றது? மதுவுக்கு ஒண்ணு முடிஞ்சறட்டும், அப்பறம் என்னமோ ஆகட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள நீ போயி மிஷின்ல ஏறிட்ட."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "மதுவுக்கு மாலை எடுத்துக் குடுக்க அத்தை வேணுமா, மாலை போட்ட போட்டோவா அத்தை தொங்கணுமா?" என்று கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். அண்ணி கொக்கியைப் போட்டுக்கொண்டு, தான் எங்கேயும் வருவதாக இல்லை, தம்பியிடம் சொன்னால் கிணற்றில் விழுவேன் என்றார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். அண்ணி காய்ந்த சேலைகளை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னேன்.

"அப்ப எனக்கும் கதிர்வீச்சு வேண்டாமுங்க. நீங்க என்னிக்கு வர்றீங்களோ அன்னிக்குத்தான் நானும் போவேன்."

"மெரட்டறியா?"

"ஆமாங்க."

"வெட்டுனது வீணாப் போயிரும் அம்மிணி."

"போகட்டுமுங்க."

நிஜமாகவே போகாமல் இருப்பேனா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. என் முகத்தில் தெரிந்திருக்காது என்று நம்புகிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் அண்ணி குளித்துவிட்டு, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "உன்ற தம்பிகிட்ட நானே சொல்றேன்னு சொல்லு" என்றார். பதற்றத்தில் யார் தம்பி என்பதுகூட மாறிப்போய்விட்டது.

வீட்டுக்காரர் அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை. "கடைச் சாவியக் குடுத்துட்டு வந்தர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய், உடனே வந்து கோயமுத்தூருக்கு வண்டியை எடுத்தார். வழியெல்லாம் முன் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ரோட்டைப் பாருங்க என்று நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஊசி, ஸ்கேன், இன்னொரு ஸ்கேன் எல்லாம் முடிந்தது. அக்குளுக்குப் பரவியிருக்கிறது. ஈரலுக்கும் நுரையீரலுக்கும் எலும்புக்கும் போகவில்லை. முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க வேண்டும். பிறகு ஆபரேஷன், மார்பை எடுக்க வேண்டிவரும். அதற்குமேல் கதிர்வீச்சு.

டாக்டர் ஜெயசுதா ஏன் இத்தனை நாள் என்று கேட்கவே இல்லை. அண்ணிதான் வாய் திறந்தார்.

"பொழைக்க வெச்சிருவியா சாமி?"

"முன்னாடியே வந்திருந்தா சுலபமா இருந்திருக்கும்மா. இப்பவும் வழி இருக்கு. நான் விடமாட்டேன், நீங்களும் விடக்கூடாது."

அண்ணி என் பக்கம் கையைக் காட்டி, "இவ இருக்கற எடத்துல எங்க விடறது" என்றார்.

செப்டம்பர் 12, வியாழன்

தினமும் கதிர்வீச்சு. எஸ்தர் லைசன்ஸ் வாங்கிவிட்டாள், அவளும் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றிக் கொண்டுபோகிறார்கள். கண்ணைத் திறந்துகொண்டுதான் ஓட்டுகிறாள். நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதுதான் கதிர்வீச்சைவிடச் சிரமம்.

மயிலாத்தாள் அக்கா போன் பண்ணினார். அந்த ஜாதகம் பொருந்தவில்லையாம். ஜூன் மாதம் பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தது. மதுவிடம் சொன்னேன். "அவங்க வீட்டு அட்ரஸ் குடு, லட்டு வாங்கி அனுப்பறேன்" என்றாள். அண்ணிதான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மருந்தாலும் இருக்கலாம்.

செப்டம்பர் 27, வெள்ளி

அண்ணியின் முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில். இந்த வயதிலும் கை கொள்ளாத கொண்டை அது. "உதிர உதிரப் பாத்துட்டு இருக்க முடியாது, எடுத்துரு" என்றார். வீட்டுக்காரரின் ஷேவிங் மிஷினால் நானே எடுத்தேன். முடிந்ததும் கண்ணாடி கேட்டார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்கப்பனாட்டமே இருக்கறேன்" என்றார்.

துணி எடுக்கிறேன் என்று நான் கொல்லைப் பக்கம் போய்விட்டு வந்தேன். துணி ஒன்றும் காயப்போட்டிருக்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இன்னும் மருந்து பாக்கி, ஆபரேஷன் தைக்குப் பிறகு. நான் ஸ்கூலைத் திறந்துவிட்டேன். ஒட்டிக்கொள்ளும் என்று நின்றுபோன பெண்ணும் வந்தாள். ஒன்றும் கேட்காமல் முதல் கியரிலிருந்து ஆரம்பித்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

பெருந்துறையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அண்ணி போகவேண்டாம் என்று டாக்டர் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் ரொம்ப நேரம் இருக்காமல் வந்துவிடுங்கள் என்று அனுமதித்துவிட்டார். தலைக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அண்ணி, வேர்க்கும் என்றுவிட்டார்.

இன்று நானே ஓட்டினேன். மண்டபம் நெருங்க நெருங்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எனக்காக ஊரோடு சண்டை போட்டபோது இப்படி இல்லை. மொட்டைத் தலையோடு அவர் அத்தனை பேர் நடுவில் உட்காருவதை நினைத்துக் கியரை மாற்றிப் போட்டுவிட்டேன். வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னேன்.

"அண்ணி, யாராச்சும் கேட்டா பழனிக்கு முடி குடுத்தேன்னு சொல்லிருங்க. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார்.

மணமக்களைப் பார்த்துவிட்டு, கூட்டம் கூடுவதற்கு முன் முதல் பந்தியிலேயே ஓரமாக உட்கார்ந்தோம். அண்ணி முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எதிர்வரிசையில் மயிலாத்தாள் அக்கா. பக்கத்திலெல்லாம் தெரிந்த முகங்கள், பெண் வைத்திருப்பவர்கள், பையன் வைத்திருப்பவர்கள்.

"என்ன ராமாத்தா, மொட்டை? பழனியா, திருப்பதியா?" என்றார் மயிலாத்தாள் அக்கா.

"பழனிக்குத்தானுங்க, போன மாசம்" என்று நான் ஆரம்பித்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"பழனியுமில்ல, திருப்பதியுமில்ல. எனக்கு மார்ல கேன்சர். மருந்து ஏத்தறாங்க, முடி கொட்டிப் போச்சு."

அந்த வரிசையில் யாரும் சோற்றைப் பிசையவில்லை. சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மெதுவாப் பேசு ராமாத்தா. மாப்ள வூட்டுக்காரங்கெல்லாம் உக்காந்திருக்கறாங்க."

"கேக்கட்டும். நான் மெதுவாப் பேசிப் பேசித்தான் அது எலுமிச்சங்காயாட்டம் ஆச்சு. இவளுக்கும் அதேதான். வேன்ல வந்த மிஷின்ல பாத்தாங்க, கைக்குத் தட்டுப்படறதுக்கு மின்னாலயே எடுத்துட்டாங்க, இன்னிக்கு இவதான் கார் ஓட்டிட்டு வந்தா. எனக்கு மாரையே எடுக்கோணும். ரெண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்." அண்ணி தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "நீ பாத்துட்டியா மயிலா?"

மயிலாத்தாள் அக்கா வலது கையை இலையில் வைத்தபடி, இடது கையால் மெல்ல முந்தானையை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டார். யாருக்கும் கேட்காத குரலில், "அந்த வண்டி பெருந்துறைக்கு வருமா?" என்றார்.

"வராட்டி நாம போலாம். இவ கூட்டிட்டுப் போவா" என்ற அண்ணி, வாளியோடு நின்றவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சாம்பார ஊத்துப்பா. சோறு ஆறுது."